நடு வண்டிக்காரர்

"என் சம்சாரத்துகூடச் சைக்கிள் ஓட்ட முடியலீங்க அம்மணி," என்றார் சென்னியப்பன்.

கோசலை நிமிர்ந்து பார்க்கவில்லை. தார்ப்பாய்ப் பைக்கு வார் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, அக்கா ஓட்டறதில்லீங்களா?"

"ஓட்டறா. மெதுவா ஓட்டறா."

"நீங்க?"

"நான் முன்னால போயி, நல்ல நிழலாப் பாத்து நின்னுக்குவேன். அவ வர்ற வரைக்கும் காத்திருப்பேன். ஒருநாளும் விட்டுட்டுப் போனதில்லீங்க."

"அக்கா வந்ததும்?"

"வந்ததும் கெளம்பீருவோம். இல்லாட்டி நேரமாயிருமில்லீங்க."

கோசலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப நிழல்ல உக்காந்தது நீங்க மட்டுந்தானுங்க."

 

*

கோசலை யாரென்று சொல்லிவிடுகிறேன்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். மலைக்கு அரை நாள் மிதி தள்ளி, காட்டுக்குப் போகிற ரோடு பிரியும் இடத்தில் அவளுக்கு ஒரு ஓட்டு வீடு. சைக்கிளில் தொலைதூரம் போகிறவர்கள் கேரியரில் மாட்டிக்கொள்ளும் பைகளைத் தைத்து விற்றுப் பிழைத்தாள். அவளே தன் சிநேகிதி ஒருத்தியோடு பல வருஷம் ஊர் ஊராக மிதித்துப் போனவள்.

காட்டுக்குள் போகுமுன் சைக்கிள்காரர்கள் அவள் வீட்டில் ஒரு ராத்திரி தங்குவார்கள். ஏதாவது கேட்பார்கள். அவள் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டாள், ஏதாவது செய்வாள். சிலர் அதை ஞானம் என்றார்கள். சிலர் இந்தப் பொம்பளைக்குத் திமிர் என்றார்கள். தாடி வைத்த ஒருவர் இதே வேலையைச் செய்திருந்தால் இரண்டாவது கட்சிக்கு ஆளே சேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

சென்னியப்பன் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். காங்கேயத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் தூங்கிய மனிதர். இப்போது சங்கு இல்லை. ஆனாலும் அவருக்குள் அது ஊதிக்கொண்டேதான் இருந்தது.

மேற்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவர் மனைவி பூவாத்தாள். பஸ்ஸில் போய்விட்டு வரலாம் என்றார் அவர். சைக்கிளில் போகலாம் என்றாள் அவள். எதற்கு இந்த வயசில் என்று கேட்டதற்கு, பேசிக்கொண்டே போகலாம் என்று சொன்னாள்.

அப்படித்தான் கிளம்பினார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த வீட்டில் இரண்டு பேர் பேசாமலே இருந்து பழகிவிடுவார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

அன்றைக்குப் பகலில்தான் அது நடந்தது.

வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். பூவாத்தாளின் முன் சக்கரம் அதில் வழுக்கிவிட்டது. முழங்கை சிராய்த்து, முட்டியில் அடிபட்டு, கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை.

சென்னியப்பன் அப்போது ரொம்ப தூரம் தள்ளி ஒரு டீக்கடையில் இருந்தார். ஒரு டீ குடித்தார். அவள் வரவில்லை. இன்னொரு டீ குடித்தார். அவள் வரவில்லை. எரிச்சல் வந்தது.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தார்.

பூவாத்தாள் சாயங்காலம் கோசலை வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் காயத்தைக் கழுவிக்கொண்டு, மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குக் காட்டத் தாண்டுனதும் நால்ரோட்டுல நான் பஸ்ஸேறிக்கறனுங்க. நீங்க போயிக் கடலப் பாத்துட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னதை அவள் இதுவரை மாற்றியதே இல்லை. அதுதான் அவருக்குப் பயம்.

பஸ்ஸில் போனால் வீட்டுக்குத்தான் போவாள். அவரும் பின்னாலேயே வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது," என்றார். "நான் என்ன பண்ணோணும்?"

கோசலை எழுந்து வாசலுக்குப் போனாள். மூன்று சைக்கிளையும் சுவர் ஓரமாக வரிசையில் நிறுத்தினாள். பூவாத்தாளின் வண்டி முதலில். சென்னியப்பன் வண்டி நடுவில். தன் வண்டி கடைசியில்.

"நாளைக்கு இப்படிப் போறோமுங்க."

"அப்பறம்?"

"அக்காவ முந்தக் கூடாது. பேசக் கூடாது. பெல்லடிக்கக் கூடாது."

"நீங்களும் வர்றீங்களா?"

"உங்களுக்குப் பின்னால."

அவர் கியர் மாற்றுவது பற்றியோ மூச்சுப் பிடிப்பது பற்றியோ ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தார். ஞானம் கேட்டு வந்தவருக்கு வரிசை கிடைத்தது.

*

காலையில் கிளம்பினார்கள்.

அவருக்கு அது நரகம்.

மிதித்தால் அவள் பின் சக்கரத்தில் இடித்துவிடும்போல் இருந்தது. மிதிக்காவிட்டால் வண்டி ஆடியது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் வலித்தது. கட்டை விரல் தானாகப் பெல்லுக்குப் போய், தானாகத் திரும்பி வந்தது.

வாய்க்கால் பாலத்தில் பூவாத்தாள் நின்றாள். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தண்ணீர்தான் ஓடியது.

மல்லிகைத் தோட்டத்தருகே நின்றாள். பூப்பறிக்கும் பெண்களிடம் என்னென்னவோ விசாரித்தாள். விடியுமுன் தோட்டத்துக்குள் இறங்கும்போது பாம்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டே போவோம், அதுவாக விலகிக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னார்கள். என்ன பாட்டு என்று கேட்டாள். அவர்கள் பாடியே காட்டினார்கள்.

சென்னியப்பன் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு வெயில் ஏறுவதைப் பார்த்தார். காட்டு ரோட்டில் பொழுது சாய்ந்தால் யானை இறங்கிவிடும். அதற்குள் அந்தப் பக்கத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் நால்ரோடு. நால்ரோட்டில் கடைசி பஸ்.

சீக்கிரம் போனால் அவள் பஸ் ஏறிவிடுவாள். மெதுவாகப் போனால் யானை. எதற்கு அவசரப்படுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனாலும் அவசரப்பட்டார்.

*

தூங்குமூஞ்சி மரங்கள் இருபுறமும் கவிந்த ஒரு நேர் ரோடு வந்தது. காற்று எதிரே இருந்து வந்தது. அந்தக் காற்றில் ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, பாத்தீங்களா? அந்தக் கொக்கு எருமை மேல நின்னமானிக்கே தூங்குது."

சென்னியப்பன் பதில் சொல்லப் போனார். பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அவள் திரும்பவில்லை. தலையைக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்து, பக்கத்தில் ஒருவர் வருவதுபோலப் பேசினாள். பதிலுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள். பிறகு தானே சிரித்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும்.

"மஞ்சள் வேக வெக்கறாங்களாட்ட இருக்குதுங்க. வாசம் வருதுங்களா?"

வந்தது. அவருக்கும் வந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. காங்கேயத்தில் கிளம்பியதிலிருந்தே அவள் இப்படித்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் முன்னால் போய் நிழலில் நின்று சலித்துக்கொண்ட நேரமெல்லாம், பின்னால் அவள் அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். பதில் வராததும் அவளுக்குப் பழகிவிட்டிருக்கிறது.

அவர் ஒரு மிதி கூட மிதித்து அவள் பின் சக்கரத்தை ஒட்டி வந்தார். பேசக் கூடாது என்று கோசலை சொல்லியிருந்தது அந்த நேரத்துக்கு வசதியாகத்தான் இருந்தது.

*

அதன் பிறகு அவர் வெயிலைப் பார்க்கவில்லை. அவள் கை காட்டிய இடத்தைப் பார்த்தார்.

ரோடு லேசாக இறங்கிய இடங்களில் அவள் மிதிப்பதை நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். இரண்டு வண்டியின் ஃப்ரீவீலும் டிக் டிக் டிக் என்று ஓடின. அவள் வண்டிச் சத்தம் கொஞ்சம் மெலிசு. இவ்வளவு நாள் ஓட்டியும் இவர் தன் வண்டிச் சத்தத்தைக்கூடக் கேட்டதில்லை. காதில் எப்போதும் காற்றுதான் இரைந்தது.

வாழைத் தோப்பைத் தாண்டும்போது மட்டும் காற்று குளிர்ந்தது. தோப்பு முடிந்ததும் சூடானது. மறுபடி தோப்பு, மறுபடி குளிர்ச்சி. பஸ்ஸில் போகிறவனுக்கு இது தெரியாது. வேகமாகப் போகிற சைக்கிள்காரனுக்கும் தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு விட்டு எடுப்பதுபோல இருந்தது அவருக்கு.

சுகமாக இருந்தது. இதைத்தான் அவள் கேட்டாள் என்று தெரிந்தது. இன்றோடு இது முடிந்துவிடும் என்பதும் கூடவே தெரிந்தது.

பயம் இப்போதுதான் சரியாகப் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் வாய்க்கால் கரையில் கட்டுச்சோறு பிரித்தார்கள். கோசலை கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்தாள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பூவாத்தாள் எழுந்து வண்டியை எடுத்ததும் சென்னியப்பன் ஓடிப் போய்த் தன் வண்டியை எடுத்தார். ஒரு நொடிகூட அவளை விட்டுப் பிரியக் கூடாது என்றிருந்தது அவருக்கு.

கோசலை இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

*

காடு வந்தது.

வண்டியை எங்கும் நிறுத்தக் கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். மூங்கில் இரண்டு பக்கமும் ரோட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது. குரங்குகள்கூட ரோட்டை விட்டு ஏறிப் போயிருந்தன.

ஒரு வளைவுக்கு முன்னால் பூவாத்தாள் நின்றுவிட்டாள்.

ஒரு காலை ஊன்றி, அசையாமல் நின்றாள். ஏதோ பூவைப் பார்க்கிறாள் என்று நினைத்தார். கொஞ்சம் பொறுத்தார். அவள் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தார்.

இந்த இடத்திலா பூப் பார்ப்பது?

பழைய ஆள் அவருக்குள் எழுந்துவிட்டார். காலை முதல் கட்டிக் காத்த விரதம் போயிற்று. மிதித்து அவளைத் தாண்டப் போனார்.

அவள் திரும்பாமலே இடது கையைக் குறுக்கே நீட்டினாள். கை அவர் மார்பில் பட்டது. அவர் பிரேக்கைப் பிடித்தார்.

வளைவில், மூங்கிலோடு மூங்கிலாக, யானை நின்றது.

ஒற்றை யானை. தும்பிக்கையால் மண்ணை எடுத்து முதுகில் தூவிக்கொண்டிருந்தது. ரோட்டில் பாதி அதனுடையதாக இருந்தது.

அவர் வழக்கம்போல முன்னால் போயிருந்தால் நேராக அதன் காலடிக்குத்தான் போயிருப்பார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பின்னால் போகலாம் என்று அவர் சைகை செய்தார். அசையாதீங்க என்று அவள் கண்ணால் சொன்னாள். ஓடினால்தான் அது துரத்தும்.

நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். சேர்ந்து கிளம்பியதிலிருந்து அவர்கள் இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றது இதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு யானை தேவைப்பட்டது.

மூச்சுக் காற்றாக அவர் கேட்டார்.

"நேத்து வுளுந்தப்ப என்னயக் கூப்பிட்டயா?"

"கூப்பிட்டனுங்க."

"என்னன்னு?"

"வேற என்னன்னு கூப்புடறது? ஏனுங்கன்னுதான்."

யானை காதை ஆட்டியது. இருவரும் மூச்சை அடக்கினார்கள். அது மறுபடி மண்ணை அள்ளியது.

"லாரிக்காரரு வண்டிய நிறுத்திட்டாரு," என்றாள் அவள். "கொள்ளுக் காயப்போட்டவரு ஓடியாந்தாரு. எருமை மேச்சுட்டிருந்தவருகூட என்னம்மணின்னு கேட்டுட்டு வந்தாரு. எல்லாருமே திரும்பிப் பாத்தாங்க."

கொங்கு நாட்டில் ஏனுங்க என்று கூப்பிட்டால் திரும்பாத ஆள் கிடையாது. பால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கண்டக்டரையும் அப்படித்தான், புருஷனையும் அப்படித்தான். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது குரலில்தான் இருக்கிறது. அது தெரிய, குரல் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமல்ல?"

"உங்க பேரையா?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். யானைகூட அவளுக்கு அவ்வளவு விபரீதமாகப் படவில்லை போலிருக்கிறது.

"இனிமே முன்னால போக மாட்டேன்," என்றார்.

"இன்னைக்குப் போகலீங்க. அம்மணி சொன்னா, கேட்டீங்க."

அவள் யானையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

"நாளைக்கு யாருங்க சொல்றது?"

அது நியாயமான கேள்வி என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

யானை ஒரு மூங்கிலை ஒடித்தது. அந்தச் சத்தம் காடு முழுக்கக் கேட்டது. பிறகு அவசரமே இல்லாமல், ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கப் புதருக்குள் போயிற்று. முழுசாக மறையவில்லை. முதுகு தெரிந்தது.

"இப்பப் போலாமுங்க," என்றாள்.

போனார்கள். அப்புறம் யாரும் எதையும் ரசிக்கவில்லை. வளைவு, அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள்.

*

செக்போஸ்ட்காரர் கம்பைத் தூக்கிவிட்டு, இவ்வளவு தாமதமாகவா வருவது என்று சத்தம் போட்டார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

சோளக்காடு வந்தது. ஒரு வளைவு திரும்பினால் நால்ரோடு.

பஸ் நின்றுகொண்டிருந்தது.

நின்றிருக்கக் கூடாது என்று அவர் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்கு அது தெரியவில்லை.

பூவாத்தாள் கண்டக்டரிடம் போய்ப் பேசினாள். கிளீனர் ஏணியில் ஏறி அவள் சைக்கிளை மேலே வாங்கினான். கயிறு போட்டுக் கட்டினான். சென்னியப்பன் கீழே நின்று அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிப் பேசலாம். தடை முடிந்துவிட்டது. தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்தே மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தார். கொக்கை நானும் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உன் வண்டிச் சத்தம் மெலிசாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். போகாதே என்று சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று பார்த்தார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். பூவாத்தாள் படியில் ஒரு கால் வைத்தாள்.

வைத்தவள், வந்த வழியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அம்மணி எங்கீங்க?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"உங்களுக்குப் பின்னாலதானுங்களே வந்தா?"

சென்னியப்பன் திரும்பினார். காலையில் கிளம்பியதிலிருந்து அவர் பின்னால் திரும்பியது அதுதான் முதல் தடவை.

ரோடு காலியாக இருந்தது.

கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். வாய்க்கால் கரை. கை கழுவிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் காடு. அதற்கப்புறம் அந்த முதுகு, புதருக்குள் பாதி மறைந்து, ரோட்டுக்குப் பக்கத்திலேயே நின்ற முதுகு.



மலை மேல் வெயில் இல்லை. செக்போஸ்ட்டில் கம்பை இறக்கியிருப்பார்கள். உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிக்கூட வைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக் கோசலை ஒருத்தி இருக்கிறாள் என்பது ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டும்.

"ஏறுங்கம்மா, நேரமாச்சு," என்றார் கண்டக்டர்.

சென்னியப்பன் வண்டியைத் திருப்பினார்.

"நான் போயிப் பாத்துட்டு வர்றேன். நீ..."

நீ என்பதற்கு மேல், ஏறிக்கோ என்றும் வரவில்லை, இரு என்றும் வரவில்லை. அவர் மிதித்தார்.

*

அன்றைக்கு அவர் மிதித்த மிதி மில் சங்குக்கு ஓடிய காலத்தில்கூட மிதித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால் என்று வைத்துக்கொள்ளலாம்.

சோளக்காட்டு வளைவு திரும்பியதும் ஒரு மதகு.

மதகுச் சுவர் மேல் கோசலை உட்கார்ந்திருந்தாள். காலைத் தொங்கப் போட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் சைக்கிள் தலைகீழாக நின்றது. பின் டயரில் காற்றில்லை.

சென்னியப்பன் வண்டியைப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்றார். நிம்மதி வந்ததும் கோபம் வந்தது.

"யானையப் பாத்தீங்களா அம்மணி?"

"ரெண்டு பாத்தனுங்க."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமல்ல?"

"குடுத்தனுங்க."

என்னவென்று சத்தம் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

உட்கார்ந்து டயரைக் கழற்றினார். ட்யூபை வெளியே எடுத்து, காற்றடித்து, மதகுத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். உப்புத்தாளால் தேய்த்தார். சொல்யூஷன் தடவினார். ஊதினார்.

கோசலைக்குப் பங்க்சர் ஒட்டத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவள் சுவரை விட்டு இறங்கவில்லை.

ஒட்டு வைத்துக் கட்டை விரலால் அமுக்கியபோது நால்ரோட்டுப் பக்கம் ஹாரன் கேட்டது.

ஒரு தடவை. இன்னொரு தடவை, நீளமாக.

பிறகு எஞ்சின் உறுமியது. முதல் கியர். இரண்டாவது. பஸ் மலையைச் சுற்றிக் காங்கேயம் போகிற ரோட்டில் திரும்பியது. மூன்றாவது கியரில் சத்தம் சின்னதாகியது. கடைசியில் சோளத்தட்டு உரசுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

சென்னியப்பன் குனிந்தே இருந்தார்.

"போயிட்டா," என்றார்.

கோசலை கடலைத் தோலை ஊதினாள்.

"சொல்லோணும்னு காத்தால இருந்து சேத்து வெச்சிருந்தனுங்க. ஒண்ணுகூடச் சொல்லல. அவளையும் வுட்டுட்டேன். உங்களையும் வுட்டுட்டேன்."

"திரும்பிப் பாருங்ணா."

"பயமா இருக்குதுங்க."

"சரி. கட்டை வெரல எடுக்காதீங்க, ஒட்டு பிரிஞ்சுக்கும்."

அவர் எடுக்கவில்லை.

கோசலை அவர் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்தாள். ஃப்ரீவீல் ஒன்று மெலிசாக டிக் டிக் டிக் என்று நெருங்கி வந்தது. பார்த்துக்கொண்டே கடலைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னொருத்தர் உட்கார இடம் விட்டுச் சுவரில் தள்ளி உட்கார்ந்தாள்.